படகுக்கு மரணதண்டனை

கொலைகாரரைத் தூக்கில் போடுவதா, அல்லது சாகும்வரை வெளியே விடாமல் அடைத்து வைப்பதா என்று முடிவு செய்ய அரசாங்கம் ஓர் ஆணைக்குழுவை அமைத்திருந்தது. 'வன்குற்றவாளிகளுக்கான இறுதித் தண்டனைத் தெரிவு நிரந்தர இடைக்கால ஆணைக்குழு' என்பது அதன் பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கோழி களவெடுத்து உள்ளே போனவன் தண்டனை முடிந்து வீட்டுக்கு வந்துவிடுவான். அது அச்சுவேலியில் பழைய தும்புத் தொழிற்சாலை ஒன்றை வாடகைக்கு எடுத்து, சுவருக்கு வெள்ளை அடித்து, வாசலில் பூச்சட்டி வைத்து இயங்கி வந்தது. கொலை வழக்குகளின் சான்றுப் பொருட்கள் எல்லாம் பின்வளவில் கிடந்தன. கத்தி, கோடாலி, அலவாங்கு, ஒரு மோட்டார் சைக்கிள், ஓர் அம்மி. அவற்றுக்கு நடுவில், உள்ளே புல் முளைத்தபடி ஒரு படகு.

அந்தப் படகு மரியநாயகியின் புருசன் நீக்கிலாப்பிள்ளையுடையது. அவரும் அவருடைய தொழில் கூட்டாளி கனிசியஸும் ஒருநாள் விடிய வலை அறுந்ததற்கு யார் பொறுப்பு என்று கடலில் வாய்த்தர்க்கப்பட்டார்கள். குருநகர்க் கரை கண்ணுக்குத் தெரியும்போது தர்க்கம் முற்றிவிட்டது. கனிசியஸ் படகு வலிக்கும் துடுப்பான சவளைத் தூக்கி ஓங்கி அடித்தான். நீக்கிலாப்பிள்ளை படகுக்குள் விழுந்தார், பிறகு எழும்பவில்லை. நீதிமன்றம் கனிசியஸுக்கு மரணதண்டனை விதித்தது. அன்றைக்கு மரியநாயகி கோயிலில் முழந்தாளில் நின்று நன்றி சொன்னாள். அவன் தொங்குகிற நாளில் வயிறாரச் சாப்பிடுவேன் என்று நினைத்தாள்; அப்படி நினைத்ததற்குப் பாவசங்கீர்த்தனமும் செய்தாள்.

அவனை ஒருவரும் தொங்கவிடவில்லை. அந்த நாட்டில் மரணதண்டனை விதிப்பது வழக்கம், நிறைவேற்றுவது வழக்கமில்லை. வருடா வருடம் சிறையில் அவனை நிறுத்துப் பார்த்து, கயிற்றுக்கு ஏற்ற பாரம் என்று எழுதிவிட்டுச் சாப்பாடு கொடுத்தார்கள். மரியநாயகி மீன் விற்று மகன் சுரேஸை வளர்த்தாள். சுரேஸ் இப்போது மீசை வைத்த ஆம்பிளை. ஊரவர் படகுகளில் கூலிக்குப் போய்வந்தான். தகப்பனின் படகு எஞ்சின் சாக்கில் சுற்றியபடி கட்டிலுக்குக் கீழே இருந்தது.

"எஞ்சினை வைச்சுக் கொண்டு ரோட்டிலயே ஓடுறது?" என்று ஒருநாள் சுரேஸ் கேட்டான். "ஏஜென்சிக்காரனோடை கதைச்சிட்டன் அம்மா. ரஷ்யா போய், அங்கை இருந்து காட்டுக்குள்ளாலை நடந்து போலந்து. கோயில் திருநாளுக்குள்ளை படகு வந்தா நிக்கிறன். வராட்டி வெளிக்கிடுறன்."

ஒருவரைக் கடலுக்குக் கொடுத்தாயிற்று, மற்றவனைக் காட்டுக்கு விட மரியநாயகியால் ஏலாது. அடுத்தநாள் சந்தையில் மீனை அநேகமாக விற்றதும், மிஞ்சிய இரண்டு ஓரா மீனையும் சட்டியோடு தூக்கிக்கொண்டு அச்சுவேலிக்கு பஸ் ஏறினாள்.

அன்றைக்கு ஆணைக்குழுவின் பொதுமக்கள் அமர்வு. நடுக்கதிரையில் தலைவர் நேசராஜா இருந்தார். ஓய்வுபெற்ற நீதவான். வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பழைய மிஷன் குடும்பம். எதையும் மௌனப் பிரார்த்தனையோடு தொடங்கிப் பழகியவர். அவருக்கு வலப்பக்கத்தில் செயலாளர் கோபிசங்கர். தூக்குத்தண்டனைதான் வேண்டும் என்று அவர் சம்பளம் வாங்கினார். இடப்பக்கத்தில் உளவியல் கலாநிதி பாலேஸ்வரி. விடுதலையில்லாத ஆயுள்தண்டனைதான் வேண்டும் என்று அவரும் அதே சம்பளம் வாங்கினார்.

"பாதிக்கப்பட்டோரை நினைந்து மௌனம்" என்றார் நேசராஜா.

எல்லோரும் எழுந்து கண்ணை மூடினார்கள். மரியநாயகியும் மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து ஏதோ கரகரவென்று சத்தம். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். சாம்பல் நிறப் பூனை ஒன்று அவளுடைய சட்டிக்குள் தலையை விட்டு ஓராவைக் கடித்துக்கொண்டிருந்தது. சூ என்று விரட்டினால் மௌனம் கலைந்து போகும். தலைவரைப் பார்த்தாள், கண் மூடியிருந்தது. செயலாளரின் கண்ணும் மூடியிருந்தது. காவலுக்கு நின்ற பொலிஸ்காரன் கூடச் சிலையாக நின்றான். பூனை ஒரு மீனைத் தின்று முடித்து, அடுத்ததை வாயில் கவ்வி, தலைவரின் மேசையில் ஏறி, ஒலிவாங்கிக்குப் பக்கத்தால் நடந்து, யன்னலால் போயிற்று. ஒருவரும் கண் திறக்கவில்லை. தலைவர் திறக்காமல் மற்றவர்கள் திறக்கக்கூடாது என்பது ஆணைக்குழுவின் ஒழுங்கு. தலைவரோ கண்ணை மூடினால் பாதி நித்திரைக்குப் போய்விடுகிறவர்.

"ஆமென்" என்று ஒருவழியாகச் சொல்லி அவர் உட்கார்ந்தார். "அம்மா, நீங்கள் பாதிக்கப்பட்டவர். உங்கள் குரல் எங்களுக்கு மிக முக்கியம். மரணமா, ஆயுளா? ஒன்றைச் சொல்லுங்கள்."

"படகு ஐயா" என்றாள் மரியநாயகி.

"அது தெரிவில் இல்லை" என்றார் கோபிசங்கர்.

"என்ரை மனுசன்ரை படகு பின்வளவிலை கிடக்குது ஐயா. பொடியன் தொழிலுக்குப் போகக் கேக்கிறான். அதைத் தந்தியள் எண்டால் போதும்."

பாலேஸ்வரி கனிவோடு முன்னுக்குச் சாய்ந்தார். "துயரம் பொருட்களின் மேல் இறங்குவது இயல்பு. அம்மா, ஆயுள்தண்டனையைப் பற்றி யோசித்துப் பாருங்கள். மரணம் ஒரு காலைப்பொழுதோடு முடிந்துபோகும். ஆயுள்தண்டனையில் அவன் ஒவ்வொரு நாளும் சாவான். அதனால்தான் நாங்கள் அதை மனிதாபிமானம் என்கிறோம்."

"தூக்கு மலிவு" என்றார் கோபிசங்கர். "ஒரு கயிறு. திரும்பவும் பாவிக்கலாம்."

நேசராஜா இருவரையும் கைகாட்டி அமர்த்தினார். "குழம்ப வேண்டாம் அம்மா. இந்த நாட்டில் மரணதண்டனை உண்டு, நிறைவேற்றுவது மட்டும் இல்லை. அது எங்கள் கருணை. ஆயுள்தண்டனையும் உண்டு, ஆயுள் முடியும்வரை வைத்திருப்பது மட்டும் இல்லை. அது எங்கள் சிக்கனம். இரண்டிலும் எது கடுமையானது என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை வருடமாகப் பாடுபடுகிறோம்."

"அப்ப படகு?"

கோபிசங்கர் தொண்டையைச் செருமினார். "கொலை செய்தது சவள். சவள் படகுடைய உறுப்பு. கை அடித்தால் கையை மட்டுமா சிறையில் போடுகிறோம்? ஆகவே சட்டப்படி கொலை ஆயுதம் முழுப் படகும்தான். கொலை ஆயுதத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. தண்டனை நிறைவேறிய அன்று அழிப்போம்."

"நிறைவேறாட்டி?"

"நிறைவேறும்வரை பத்திரமாக வைத்திருப்போம்."

மரியநாயகி வெறும் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய்ப் படகைத் தொட்டுப் பார்த்தாள். அது ஃபைபர் படகு. வெயிலுக்கு வெளிறியிருந்ததே தவிர உக்கவில்லை. பக்கத்தில் 'புனித சவேரியார்' என்ற எழுத்து இன்னும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. பாதர் தீர்த்தம் தெளித்த அன்று அவள் புதுச்சேலை கட்டிக்கொண்டு அந்தப் பெயரைத் தடவிப் பார்த்தவள். இப்போது அழுகையை விடக் கோபம்தான் வந்தது.

அந்த மாதமே ஒரு பெருநாளை முன்னிட்டு நல்லெண்ண விடுதலை அறிவித்தார்கள். கனிசியஸின் மரணதண்டனை ஆயுளாகி, ஆயுள் குறுகி, குறுகியது நன்னடத்தையில் கழிந்து, அவன் ஒரு பையோடு குருநகருக்கு வந்து சேர்ந்தான். மரியநாயகி சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அவன் வீதியின் மற்றப் பக்கத்தில் நிற்பதைக் கண்டாள். தலை நரைத்து, கன்னம் ஒட்டி, ஆள் பாதியாகியிருந்தான். ஓர் அடி முன்னுக்கு வந்தான். அவள் கத்தியைப் பலகையில் ஓங்கிப் போட்டாள். அவன் வந்த வழியே திரும்பிப் போனான்.

மறுநாள் திரும்பவும் ஆணைக்குழுவுக்குப் போனாள். "அடிச்சவனே வெளியிலை வந்திட்டான். அவன்ரை சாரத்தையும் சேர்ட்டையும் மடிச்சுக் குடுத்தியளாம். படகு மட்டும் ஏன் உள்ளுக்கு?"

நேசராஜா நெற்றியைத் தடவினார். "கேள்வி நியாயமானது. கைதிக்கு மன்னிப்பு உண்டு. ஆயுதத்துக்கு மன்னிப்பு வழங்கியதாக முன்னுதாரணம் இல்லை. ஆனால் கூடாது என்றும் எங்கும் எழுதவில்லை. கலாநிதி, நீங்கள் படகை மதிப்பீடு செய்யுங்கள்."

பாலேஸ்வரி குடை பிடித்துக்கொண்டு பின்வளவுக்கு வந்து, கைதிகளிடம் கேட்கும் கேள்விகளையே வரிசையாகக் கேட்டார். கேள்வி படகுக்கு, பதில் சொல்ல மரியநாயகி.

"தடுப்பில் இருந்த காலத்தில் நடத்தை எப்படி?"

"வைச்ச இடத்திலையே கிடந்தது மிஸ்."

"தப்பியோட முயற்சி?"

"தண்ணி இல்லையே."

"செய்த குற்றத்துக்கு மனம் வருந்துகிறதா?"

மரியநாயகி படகைப் பார்த்தாள். "புல்லு முளைச்சுப் போய்க் கிடக்குது. இதுக்கு மேலை எப்பிடி வருந்துறது?"

"விடுதலையானால் எங்கே போகும்? யாரோடு பழகும்?"

"கடலுக்குத்தான் மிஸ். குருநகர் ஆக்களோடைதான்."

பாலேஸ்வரியின் முகம் சட்டென்று வாடிப் போயிற்று. பழைய சூழலுக்கும் பழைய சகவாசத்துக்கும் திரும்பும் கைதியை வெளியே விடக்கூடாது என்பது அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வின் முடிவு. "கனிசியஸ் சிறையில் தச்சு வேலைப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் எடுத்தவர். உங்கள் படகு ஒரு பயிற்சியும் எடுக்கவில்லை" என்றார். மன்னிப்பு மறுக்கப்பட்டது. படகுக்கு விடுதலையில்லாத ஆயுள்தண்டனை என்றாயிற்று. ஆணைக்குழு தொடங்கியதிலிருந்து எடுத்த முதலாவது உறுதியான தீர்மானம் அதுதான் என்பதால் எல்லோரும் கைதட்டி, வடை சாப்பிட்டுத் தேத்தண்ணி குடித்தார்கள். மரியநாயகிக்கும் ஒரு வடை கொடுத்தார்கள். அவள் அதைப் பூனைக்குப் போட்டாள்.

அவர்களுடைய சந்தோசத்துக்குக் கனகாலம் ஆயுள் இருக்கவில்லை. கொழும்பிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. இவ்வளவு செலவழித்தும் ஒரு மரணதண்டனைகூட நிறைவேறவில்லை. வருட முடிவுக்குள் ஏதாவது நிறைவேறாவிட்டால் ஆணைக்குழு கலைக்கப்படும், வாகனங்களும் திருப்பி எடுக்கப்படும். வாகனம் என்ற சொல்லைக் கேட்டதும் கோபிசங்கருக்கு வியர்த்தது. அன்று மாலையே தீர்மானத்தைத் திருத்தினார்கள். ஆயுள்தண்டனை மரணதண்டனையாக உயர்த்தப்பட்டது. படகைக் கொண்டுபோய்க் குருநகர்க் கரையில், சனம் பார்க்க, கோடாலியால் பிளப்பது. வன்செயலுக்கு எதிரான பாடமாகவும் இருக்கும், மனித உரிமைக்காரரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இரண்டு சிக்கல்கள் இருந்தன. ஆசீர்வதித்த பொருளை வெட்டக்கூடாது, அதுவும் சவேரியாரின் பெயரோடு என்று பங்குத் தந்தை ஆட்சேபித்தார். மத உணர்வைப் புண்படுத்தாமல் இருக்க ஆணைக்குழு அந்தப் பெயரின் மேல் வெள்ளைப் பெயின்ற் அடித்துவிட்டது. அடுத்தது தூக்குப்போடுகிறவர். அந்த வேலைக்குப் பலமுறை ஆள் எடுத்தும், வந்தவர்கள் எல்லோரும் கயிற்றைக் கண்டதும் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். கடைசியில் விடுதலையான கைதிகளுக்கு வேலைவாய்ப்பு அளிக்கும் திட்டத்தில் ஒருவர் அகப்பட்டார். தச்சு வேலை தெரிந்தவர், வன்செயலில் முன்னனுபவமும் உள்ளவர். கனிசியஸ் மாட்டேன் என்றுதான் சொன்னான். மாட்டேன் என்றால் நன்னடத்தை கெட்டுவிடும், திரும்ப உள்ளே வரவேண்டும் என்றார் கோபிசங்கர்.

மரியநாயகியைப் பிரதம விருந்தினராக அழைக்க நேசராஜாவே காரில் வந்தார். புருசனைக் கொன்றவன் புருசனின் படகைக் கொத்த, தான் பக்கத்தில் நின்று விளக்கேற்ற வேண்டுமாம். திருநாளுக்கு இன்னும் ஒரு கிழமைதான். சுரேஸ் பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டான். அவளுக்குக் கத்திக் குழற வேண்டும்போல் இருந்தது. அப்போது மதிலில் ஒரு பூனை நடந்து போயிற்று.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் வாறன் ஐயா" என்றாள். "ஒரு ஆசை இருக்குது. அவர் செத்தது கடலிலை. படகைத் தண்ணி ஓரமாத்தான் வைக்கோணும், பின்பக்கம் தண்ணிக்குள்ளை கிடக்கிற மாதிரி. அதோடை, எல்லாத்துக்கும் முதல் அந்த மௌனம் இருக்கெல்லோ, அதை அண்டைக்கு எண்டாலும் அவருக்கு வடிவாச் செய்யுங்கோ. அவசரப்படாமல்."

நேசராஜாவின் கண் கலங்கியது. மௌனத்தின் அருமை தெரிந்த ஒரு மனுசியை அவர் இத்தனை வருடத்தில் இப்போதுதான் சந்தித்தார்.

திருநாளுக்கு முதல்நாள் காலை, பொலிஸ் வண்டி முன்னால் போக, ஆணைக்குழு தன் செலவில் லொறியும் கிரேனும் பிடித்துப் படகை அச்சுவேலியிலிருந்து குருநகருக்குக் கொண்டுவந்து, அவள் கேட்டபடியே தண்ணீர் ஓரத்தில் இறக்கிக் கொடுத்தது. புல்லைப் பிடுங்கிக் கழுவியும் இருந்தார்கள், படம் எடுப்பதற்காக. உள்ளே சிவப்பு அரக்கு முத்திரையோடு சவள் கிடந்தது. கரையில் பந்தல், மேடை, கதிரைகள், ஒலிபெருக்கி. ஊர்ச்சனம் திரண்டு நின்றது. சுரேஸும் நாலைந்து சிநேகிதர்களும் சும்மா வேடிக்கை பார்க்கிறவர்கள் மாதிரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் தண்ணீருக்குள் காலை நனைத்துக்கொண்டு, கையில் படகை ஊன்றித் தள்ளுகிற நீளமான மரக்கோலோடு நின்றான். படகின் முன்பக்கத்தில், அணியத்துக்குக் கிட்ட, கோடாலியோடு தலைகுனிந்து நின்றான் கனிசியஸ்.

நேசராஜா ஒலிவாங்கியைப் பிடித்தார். "இன்று சட்டம் தன் கையை உயர்த்துகிறது. இந்தப் படகுக்கு மேன்முறையீட்டு உரிமை இருந்தது, அது பயன்படுத்தவில்லை. கடைசி ஆசை கேட்கப்பட்டது, பதில் இல்லை. எந்தக் கைதியும் இவ்வளவு ஒத்துழைத்ததில்லை. இனி மௌனம். பாதிக்கப்பட்டவருக்காக ஒன்று, சட்டத்தின் மாண்புக்காக ஒன்று, காலஞ்சென்ற ஆணைக்குழு அங்கத்தவர்களுக்காக ஒன்று. நான் ஆமென் சொல்லும்வரை எவரும் கண் திறக்கக் கூடாது."

மேடை கண்ணை மூடியது. பொலிஸ் மூடியது. படப்பிடிப்பாளர்கள் கமராவை இறக்கிவிட்டு மூடினார்கள். ஊர்ச்சனம் மூடவில்லை.

மரியநாயகி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். சுரேஸும் சிநேகிதர்களும் இரு பக்கமும் பிடித்துத் தள்ளினார்கள். படகு அசைந்தது, பிறகு மணலில் புதைந்து நின்றுவிட்டது. திரும்பவும் தள்ளினார்கள். சுரேஸின் கழுத்து நரம்பு புடைத்தது. அணியத்தைத் தூக்கிவிட இன்னும் ஓர் ஆள் வேண்டும். அந்த இடத்தில் நின்றவன் கனிசியஸ். அவன் கண்ணையும் மூடவில்லை, அசையவுமில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். ஒலிபெருக்கியில் தலைவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

மரியநாயகி அவனோடு ஒரு சொல்லும் கதைப்பதில்லை என்று சத்தியம் செய்தவள். மகனைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"கோடாலியைப் போட்டிட்டு அணியத்தைப் பிடி."

கோடாலி மணலில் விழுந்தது. அவன் குனிந்து தோளைக் கொடுத்துத் தூக்கினான். படகு கிளம்பித் தண்ணீருக்குள் வழுக்கிப் போயிற்று. சுரேஸ் தாவி ஏறினான். கனிசியஸ் கை நீட்டிப் படகுக்குள் கிடந்த சவளை எடுத்து அவனிடம் கொடுக்கப் போனான்.

"அதை விடு!" என்றாள் மரியநாயகி. அவனுடைய கையிலிருந்து பறித்து மணலில் எறிந்தாள். சுரேஸ் மரக்கோலை வாங்கி ஊன்றித் தள்ளினான். படகு சத்தமில்லாமல் மற்றப் படகுகளுக்கு நடுவில் போய் மறைந்தது.

"அக்கா..." என்றான் கனிசியஸ். தண்ணீர் அவன் முழங்கால்வரை நின்றது. "என்னை..."

"உன்னை மன்னிச்சது அரசாங்கம். நான் இல்லை" என்றாள் அவள். "இண்டைக்குத் தூக்கினாய், அது கணக்கிலை இருக்கட்டும். இப்ப போ."

நெடுநேரம் கழித்து "ஆமென்" என்று கேட்டது.

கண் திறந்த ஆணைக்குழு மணலில் ஒரு சவளையும் ஒரு கோடாலியையும் கண்டது. பொலிஸ்காரன் சனத்தைப் பார்த்தான், சனம் வானத்தைப் பார்த்தது. கண்ணை மூடியிருந்தோம், ஆகையால் காணவில்லை என்று கொழும்புக்கு எழுதினால் வாகனம் போய்விடும். நேசராஜா சவளை உற்றுப் பார்த்தார். முத்திரை சரியாக இருந்தது.

"செயலாளரே" என்றார் மெதுவாக. "நீக்கிலாப்பிள்ளையை எதால் அடித்தார்கள்?"

"சவளால்தான் ஐயா."

"அப்போது கொலை ஆயுதம்?"

கோபிசங்கர் வியர்வையைத் துடைத்தார். "சவள்... மட்டும்தான் ஐயா."

"நான் தொடக்கத்திலிருந்தே அதைத்தான் சொல்லி வருகிறேன்" என்றார் நேசராஜா.

தூக்குப்போடுகிறவரைக் காணவில்லை. ஆகவே தலைவரே கோடாலியை எடுத்து, மூன்று தரம் குறி தவறி, நாலாந்தரம் சவளை இரண்டாக்கினார். பாலேஸ்வரி கண்ணீர் விட்டார். மரணதண்டனை மனிதாபிமானத்தோடு நிறைவேற்றப்பட்டது என்று அறிக்கை போயிற்று. ஆணைக்குழுவின் காலம் மேலும் ஐந்து வருடத்துக்கு நீடிக்கப்பட்டது.

திருநாளன்று பின்னேரம் மரியநாயகி கரையில் இருந்து மீன் வெட்டும் கத்தியால் வெள்ளைப் பெயின்றைச் சுரண்டினாள். முதலில் 'ச' வந்தது, பிறகு 'வே' வந்தது. சுரேஸ் எஞ்சினைப் பூட்டிக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளி, மதிலோரம், கனிசியஸ் நிற்பதை அவள் கண்டாள். கத்தியை ஓங்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை. 'ரி'யைச் சுரண்டத் தொடங்கினாள்.